நனையாத வண்டி

வீ...ல்!

க்ளெனிஸ் ஹாரிகன் போட்ட அலறலில், ஷெட்டின் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த இளஞ்சிவப்புக் கிளிகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

அலறாமல் என்ன செய்வாள், பாவம்?

பூட்டி வைத்த ஷெட். உள்ளே செத்துப்போன புருஷனின் வெள்ளை நிற ஃபோர் வீல் வண்டி. அந்த வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

பூட்ஸ் போட்ட கால்கள்.

அசையாத கால்கள்...

"யா... யாரு?"

கால்கள் பதில் சொல்லின.

"கத்தாதடி. பின் அச்சு ஆயில் பார்த்துட்டிருக்கேன். ஸ்பேனர் நழுவுது."

நோரீன் டக்வெல்!

க்ளெனிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. பூட்டின ஷெட்டுக்குள் எப்படி நுழைந்தாய் என்று கேட்டாள். பின்பக்கத் தகரம் ஆடுகிறது, ஆணி அடித்துவை, இல்லாவிட்டால் கண்டவர்களும் நுழைவார்கள் என்று வண்டிக்கு அடியிலிருந்தே யோசனை சொன்னாள் நோரீன். காவலுக்கு இருந்த இரண்டு நாய்களும் அவள் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தன.

பிண்டாரா என்ற அந்தப் பாலைவனச் சுரங்க ஊரில் நோரீனைத் தெரியாத நாய் கிடையாது. நோரீனுக்குத் தெரியாத மனிதக் கதையும் கிடையாது.

இருபது வருஷமாக ஊருக்கும் சுற்றியுள்ள மாட்டுப் பண்ணைகளுக்கும் தபாலும் ரொட்டியும் கொண்டுபோகிறவள் அவள்தான். போன வாரம் அவளுடைய பழைய வண்டி சேஸிஸ் இரண்டாக முறிந்து, செம்மண்ணில் மண்டியிட்டது. திங்கட்கிழமை காலைக்குள் ஓடுகிற வண்டியோடு போய் நிற்காவிட்டால் தபால் காண்டிராக்ட் மெர்வுக்குப் போய்விடும். லாரிக்கார மெர்வ் இப்போதே தன் லாரியைக் கழுவ ஆரம்பித்திருந்தான். பன்னிரண்டு வருஷத்தில் அந்த லாரி பார்க்கும் முதல் குளியல்.

ஆகவே நோரீனுக்கு ஒரு வண்டி வேண்டும். உடனே வேண்டும். நல்லதாகவும் வேண்டும்.

அடிலெய்ட் நகரப் பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்தாள். சந்தா கட்டியவர் கைக்குப் போகுமுன் பிண்டாராவின் எல்லாப் பத்திரிகைகளையும் நோரீன் படித்துவிடுவாள். கொடுக்கிற சரக்கைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டாமா?

'ஃபோர் வீல் வண்டி. சிங்கிள் ஓனர். இரண்டு டீசல் டேங்க். விதவை விற்கிறார்.'

விலை... ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலைதான்!

"ஏண்டி, பப் போர்டுல ஒரு சீட்டு ஒட்டியிருந்தா நான் நேரா வந்திருக்க மாட்டேனா? அடிலெய்ட்காரனுக்குச் சொல்றே, அடுத்த தெருவுக்குச் சொல்லல."

"வண்டி பேசி முடிஞ்சாச்சு நோரீன். ஆள் இப்ப வந்துட்டிருக்கார். நீ கிளம்பு."

"வரட்டும். அதுவரைக்கும் பார்க்கறேன்."

"நோரீன்..."

"பார்க்கறதுக்குக் காசா?"

க்ளெனிஸ் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கையைப் பிசைந்தாள். நோரீன் இதையெல்லாம் வண்டிக்கு அடியிலிருந்து, க்ளெனிஸின் செருப்புகள் நடக்கிற நடையிலேயே படித்துவிட்டாள்.

இவள் எதையோ மறைக்கிறாள்...

*

டெஸ் ஹாரிகன் செத்த கதை ஊரறிந்தது.

போன வருஷம் பெருமழை. க்ரீக் ஓடையில் வெள்ளம். இரவில் வெள்ளத்தைக் கடக்கப் பார்த்திருக்கிறான் டெஸ். தண்ணீர் வடிந்தபோது வண்டி கரையில் நின்றது. உடம்பெல்லாம் சேறு. கதவு திறந்திருந்தது. தொப்பி மரக்கிளையில் தொங்கியது. டெஸ் மட்டும் இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் சுரங்கக்காரர் கிளப்பின் பெட்டகத்தை யாரோ காலி செய்திருந்தார்கள். ஒரு சீசன் முழுக்க ஊரே குழிக்குள் இறங்கித் தோண்டின ஓப்பல் ரத்தினக் கற்கள். அத்தனையும் போச்சு! ஊரை விட்டு வெளியே போன ஒவ்வொரு பையையும் போலீஸ் கொட்டிப் பார்த்தது. ஒரு பொட்டுக் கல் கிடைக்கவில்லை. டெஸ்ஸின் கற்களும் அதில் போனதால், வெள்ளத்தில் போன டெஸ்ஸுக்காக ஊர் இரண்டு மடங்கு அழுதது.

அப்போதிருந்த கான்ஸ்டபிள் நகரத்து ஆள். வண்டியை வெளியே சுற்றிப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் துக்கம் சொன்னார். ஃபைலை மூடினார்.

குனிந்து பார்க்கவில்லை.

இப்போது நோரீன் குனிந்தாள். படுத்தாள். உருண்டாள்.

பின் அச்சின் மூடியைத் திருகி எடுத்தாள். வெள்ளத்தில் இறங்கின வண்டியென்றால் அச்சுக்குள் தண்ணீர் புகுந்து, ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருக்கும்.

விரலில் தொட்டுப் பார்த்தாள்.

தேன்!

சுத்தமான, பொன்னிறத் தேன் மாதிரி ஆயில்.

எழுந்து சீட்டைத் தூக்கினாள். சீட் நகரும் இரும்புச் சட்டத்தில் துருவில்லை. வண்டல் இல்லை. கம்பளத்தின் அடியில் காய்ந்த சிவப்புத் தூசி மட்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றினாள். காகிதம் மொறமொறவென்று இருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு பழைய இறைச்சி பஃப்ஸ் துணுக்குகூட விழுந்து கிடந்தது. இறைச்சி பஃப்ஸும் சாஸும் இல்லாமல் டெஸ் வண்டி ஓட்டியதே இல்லை. அந்தத் துணுக்கு கூட ஊறியிருக்கவில்லை.

நோரீன் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த வண்டி தண்ணீரில் இறங்கவே இல்லை. சேறு வெளியே வாளியால் பூசின சேறு.

வாங்குகிறவளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? வண்டி நனையவில்லை.

ஆனால்... வண்டி நனையவில்லை என்றால் டெஸ்ஸும் நனையவில்லையே!

உடனே ஓடிப்போய்ப் புது கான்ஸ்டபிள் லாஃப்டஸிடம் சொல்ல வேண்டியதுதான். சொன்னால்? வண்டி கேஸ் சொத்து ஆகும். ஸ்டேஷன் முற்றத்தில் ஒரு வருஷம் வெயிலில் காயும். திங்கட்கிழமை மெர்வ் குளித்த லாரியோடு தபால் மூட்டையை ஏற்றுவான்.

நோரீன் வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

வயிறு உப்பினாற்போல் இருந்தது.

வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது.

*

இறங்கினவர் தன் பெயர் வெர்னன் ஸ்லேட்டர் என்றார். அடர்ந்த தாடி. கறுப்புக் கண்ணாடி. மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணின சட்டை. தொண்டையில் ஆபரேஷன் என்று சொல்லி, காற்றைப் பிடித்து ஊதுகிற மாதிரி கிசுகிசுத்தார்.

வண்டி வாங்க வந்த ஆள் என்ன செய்வார்? பானெட்டைத் திறப்பார். டயரை உதைப்பார். நாலு குறை கண்டுபிடிப்பார்.

ஸ்லேட்டர் எதையும் செய்யவில்லை.

நேராக வண்டியின் பின்னால் போனார். குனிந்தார். இரண்டாவது டீசல் டேங்கை விரல் முட்டியால் தட்டினார்.

டக்... டக்.

உள்ளே எதுவோ லேசாக உருண்டது.

முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எடுத்துக்கறேன்" என்றார்.

நோரீனுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, இன்ஜினைப் பார்க்கலையா?"

"தேவையில்லை."

"ஓட்டிப் பார்க்கலையா?"

"ஓட்டிக்கிட்டேதானே போகப் போறேன்."

"நான்தான் முதல்ல வந்தேன். நியாயமா வண்டி எனக்கு..."

"நோரீன், இது எனக்கும் அவருக்கும் நடுவுல" என்று வெட்டினாள் க்ளெனிஸ். சாவியைத் தூக்கிக் கொடுத்தாள். அந்த ஆளின் முகத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கண்முன்னால் வண்டி போகிறது. காண்டிராக்ட் போகிறது. ஆனால் நோரீன் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆளா?

முன் கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

"என் வண்டி உடைஞ்சு கிடக்குங்கய்யா. போற வழியில பப்ல இறக்கிவிட்டுடுங்க."

பிண்டாராவில் வழியில் நிற்கிறவனை ஏற்றாமல் போனால் அவனைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ஸ்லேட்டர் தயங்கினார். அப்புறம் தலையை ஆட்டினார்.

க்ளெனிஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நோரீன்... இறங்குடி."

"ஏன்?"

க்ளெனிஸ் கதவுப் பிடியைப் பிடித்து இழுத்தாள்.

வண்டி கிளம்பிவிட்டது.

*

செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் சுரங்கக்காரர்கள் தோண்டிக் குவித்த வெள்ளை மண் மேடுகள்.

நோரீன் சும்மா உட்காரவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. வைப்பரைப் போட்டாள். ஹாரனை அடித்தாள். கண்ணாடியை இறக்கி ஏற்றினாள். வாக்கி டாக்கியைத் திருகினாள். அது கரகரவென்று உயிர் பெற்றது.

"அதையெல்லாம் விடுங்க" என்று கிசுகிசுத்தார் ஸ்லேட்டர்.

"விலை பேசினவர் பார்க்கலைன்னா, வழியில போறவளாவது பார்க்க வேண்டாமா?"

எதிரே தூசி எழும்பியது. பளபளவென்று ஒரு லாரி. மெர்வ்!

இந்தப் பக்கத்து ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்க வேண்டும். அதுதான் வணக்கம். தூக்காதவன் நகரத்தான். மெர்வ் ஆள்காட்டி விரலைத் தூக்குவான். பாதிரியார் நாலு விரலையும் தூக்கி ஆசீர்வாதமே பண்ணிவிடுவார். இருபது வருஷம் இதே ரோட்டில் போய் வந்ததில், முகம் தெரிவதற்கு முன்னால் விரலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் நோரீன்.

லாரி நெருங்கியது. மெர்வின் ஆள்காட்டி விரல் எழுந்தது.

ஸ்லேட்டரின் விரலும் எழுந்தது.

யோசித்துத் தூக்கவில்லை. கொட்டாவி வருவது மாதிரி, தன்னால் எழுந்தது.

சுண்டு விரல்!

சீமாட்டி டீக் கோப்பையைப் பிடிக்கிற மாதிரி, வளைந்த சுண்டு விரல்.

பிண்டாராவிலேயே, ஏன், இந்தப் பாலைவனத்திலேயே சுண்டு விரலில் வணக்கம் வைத்தவன் ஒரே ஒருத்தன்.

டெஸ் ஹாரிகன்...

நோரீன் கதவோரமாக ஒட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் செத்தவன் உட்கார்ந்து கியர் மாற்றிக்கொண்டிருந்தான். க்ளெனிஸ் ஏன் இறங்கச் சொன்னாள் என்று இப்போது புரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுக் களவாணிகள்!

எதுவும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை அவள் முன்பின் பழகியதில்லை என்றாலும், ஓரளவு சரியாகவே வந்தது. தப்பித்திருப்பாள்.

ஆனால் வாக்கி டாக்கி சும்மா இருக்க வேண்டுமே!

"ஏய்! யாராவது இருக்கீங்களா?" மெர்வின் குரல் வண்டிக்குள் கிழிந்தது. "பப்ல யாரு இருக்கீங்க? டெஸ் வண்டி எதிர்ல வருதுய்யா. செத்தவன் எனக்குச் சுண்டு விரல் காட்டிட்டான்ய்யா!"

நோரீன் அவசரமாக வாக்கி டாக்கியை அணைத்தாள்.

ஸ்லேட்டர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

அதே பூனைக் கண்கள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன்னு தெரியும் நோரீன்" என்றான் டெஸ். கிசுகிசுப்பு போய்ப் பழைய கட்டைக் குரல் வந்திருந்தது. "நீ வண்டியில ஏறினப்பவே நான் இறங்கியிருக்கணும்."

"நான் ஒண்ணுமே பேசலையே டெஸ். பேசினது மெர்வ்."

ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மண் மேடுகளுக்கு நடுவே பாய்ந்தது. பழைய குழிகள் இருக்கிற பகுதி. வாயில் மூடியில்லாத, அடி தெரியாத குழிகள். தவறி விழுந்த ஆடு சத்தம்கூடப் போடாது.

நோரீனின் கண் டாஷ்போர்டில் ஓடியது.

டேங்க் மாற்றுகிற ஸ்விட்ச்.

இரண்டாவது டேங்கைத் தட்டினபோது உருண்ட சத்தம் ஞாபகம் வந்தது. டீசல் உருளாது. வேறெதுவோதான் உருளும்.

தட்டினாள்.

"ஏய்! அதைத் தொடாதே!"

இன்ஜின் இரண்டு தடவை இருமியது. ஒரு தடவை விக்கியது.

நின்றது.

டெஸ் சாவியைத் திருகினான். கர்... கர்... கர். டீசல் வண்டி ஒருமுறை காற்றைக் குடித்துவிட்டால் லேசில் கிளம்பாது. சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை உருவினான்.

"இறங்கு."

இறங்கினாள். பத்தடி தள்ளி ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"உனக்கு எப்பத்திலேர்ந்து சந்தேகம்?"

"ஆயிலைப் பார்த்ததிலிருந்து. தேன் மாதிரி இருக்கு டெஸ். என்னதான் திருடனா இருந்தாலும் வண்டியை நல்லா வெச்சிருந்தே."

அந்த நேரத்திலும் டெஸ்ஸின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது.

அந்தச் சின்னப் பெருமைக்கு ஆன நேரம் போதுமாயிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தூசி... ஹாரன்... நாய்க் குரைப்பு!

பப்பே கிளம்பி வந்துவிட்டது. முன்னால் கான்ஸ்டபிள் லாஃப்டஸின் ஜீப். உள்ளே க்ளெனிஸ். பின்னால் சுரங்கக்காரர்கள். பாதிப் பேர் கையில் பீர் கிளாஸ். ஒருத்தர்கூடச் சிந்தவில்லை. கடைசியில் மெர்வ், லாரியில் அழுக்குப்பட்டுவிட்டதே என்ற முகத்தோடு.

டெஸ் ஸ்பேனரைக் கீழே போட்டான். கண்ணாடியை மாட்டினான். கிசுகிசுப்பு திரும்ப வந்தது.

"என்ன இதெல்லாம்? என் பேர் வெர்னன் ஸ்லேட்டர். லைசென்ஸ் இருக்கு, பாருங்க."

"இவன் டெஸ்!" என்றாள் நோரீன். "சுண்டு விரலைப் பார்த்தேன்."

"விரலை வெச்சுக் கேஸ் போட முடியாதும்மா" என்றார் லாஃப்டஸ். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். க்ளெனிஸ் பக்கம் திரும்பினார். "இவர் உங்க வீட்டுக்காரரா?"

க்ளெனிஸ் தாடிக்காரனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலையே. என் வீட்டுக்காரர் செத்துட்டாரே."

அடிப்பாவி!

நோரீன் பொங்கிவிட்டாள். ரெண்டாவது டேங்கை அவிழ்த்துப் பாருங்கள், கிளப் கற்கள் அத்தனையும் அதற்குள் இருக்கிறது என்று கத்தினாள். ஊர்க்காரர்கள் கிளாஸை பானெட் மேல் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்கள். பட்டையை அவிழ்த்து டேங்கை இறக்கினார்கள். மேல் மூடியைத் திருகி, மெர்வ் கையை விட்டான்.

ஒரு சாக்ஸ் வந்தது. முடிச்சுப் போட்ட, கனமான சாக்ஸ்.

எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

மெர்வ் முடிச்சை அவிழ்த்து லாஃப்டஸின் தொப்பியில் கொட்டினான்.

கூழாங்கற்கள்!

க்ரீக்கில் காலில் இடறுகிற, பைசா பெறாத கூழாங்கற்கள்.

நோரீன் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் ஒரு தகவல் இப்படிப் பொய்த்ததில்லை.

ஆனால் அவளைவிட இன்னொருத்தர் முகம் அதிகமாக வெளுத்திருந்தது. தாடிக்குள் உதடு துடித்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"க்ளெனிஸ்... என்னடி இது? நான் ஓப்பல்தானேடி போட்டு வெச்சேன்! என் கல்லெல்லாம் எங்கடி?"

கட்டைக் குரல். கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் தெளிவாக விழுந்தது.

சுரங்கக்காரர்கள் க்ளெனிஸ் பக்கம் திரும்பினார்கள்.

"இதுதான் சார்" என்றாள் க்ளெனிஸ், லாஃப்டஸிடம், அமைதியாக. "இவர்தான் என் வீட்டுக்காரர்."

லாஃப்டஸ் விலங்கை எடுத்தார்.

*

விஷயம் இதுதான். போன மாதம் க்ளெனிஸ் அந்த வண்டியில் கடைக்குப் போனபோது டீசல் தீர்ந்திருக்கிறது. இரண்டாவது டேங்குக்கு மாற்றியதும் வண்டி நின்றுவிட்டது. டேங்கைத் திறந்தாள். சாக்ஸ். தான் பின்னிக் கொடுத்த சாக்ஸ். அதற்குள் ஊரின் ஒரு சீசன் உழைப்பு. போலீஸ் சோதனை அடங்கின பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று டெஸ் கல்லை வண்டியிலேயே விட்டுப்போயிருக்கிறான். கற்களை அன்றைக்கே லாஃப்டஸிடம் கொடுத்துவிட்டாள். கல் இங்கே இருந்தால் ஆளும் ஒருநாள் வருவான் என்று இரண்டு பேரும் சேர்ந்து விளம்பரம் கொடுத்தார்கள். அடிலெய்டில் மட்டும். ரோட்டுக் கடைசியில் அவனைக் கல்லும் கையுமாக... சரி, கூழாங்கல்லும் கையுமாக மடக்குவதாக ஏற்பாடு.

"நீ உள்ள புகுந்து எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கினே" என்றாள் க்ளெனிஸ். "உனக்கு எதாவது ஆயிருந்தா? இறங்குன்னு சொன்னேன்ல?"

"காரணம் சொல்லியிருந்தா இறங்கியிருப்பேன்."

"உன்கிட்டச் சொன்னா அடிலெய்ட் வரைக்கும் போயிருக்கும்."

நோரீன் வண்டியின் டயரை உதைத்துப் பார்த்தாள்.

லாஃப்டஸ் தொண்டையைச் செருமினார். வண்டி கேஸ் சொத்து, ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகிறேன் என்றார். மெர்வ் சட்டென்று நிமிர்ந்தான். லாரியின் பம்பரைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"ஏன் சார்?" நோரீன் குறுக்கே போய் நின்றாள். "கல்லு இருந்தது டேங்குல. டேங்கை எடுத்துக்கோங்க. திருடன் இருக்கான், அவனையும் எடுத்துக்கோங்க. வெள்ளத்துல போகாததுக்கு சாட்சி வேணும்னா ஒரு பாட்டில் ஆயில் தரேன். வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? திங்கட்கிழமை உங்க அம்மாவோட பார்சலை யார் கொண்டுவந்து தர்றது?"

லாஃப்டஸ் யோசித்தார். அவர் அம்மாவின் பழக் கேக் மாதா மாதம் தபாலில்தான் வரும். போன வாரம் நோரீனுக்குப் பதிலாக மெர்வ் கொண்டுவந்தபோது அதில் பாதிதான் இருந்தது.

டேங்கை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்.

நோரீன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். க்ளெனிஸின் தோளில் கை போட்டாள்.

"எல்லாம் சரிடி. ஆனா விளம்பரத்துல ரெண்டு டேங்க்னு போட்டிருந்தே. இப்ப ஒண்ணுதான் இருக்கு. விலையைக் கொஞ்சம் குறை."

"ஒரு டாலர் குறையாது. வேணும்னா இந்த மனுஷனைச் சும்மா தரேன். சேர்த்து ஓட்டிட்டுப் போ."

விலங்கோடு நின்ற டெஸ்ஸிடம் போனாள் நோரீன். குனிந்து, நிமிர்ந்து, தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் கசங்காத சட்டை ஒருநாளும் போட்டறியாத டெஸ். அந்த அயர்ன் மடிப்பை ஒரு விரலால் தடவினாள். காலரை முகர்ந்தாள். ரோஜா சென்ட் அடித்தது.

உதட்டைப் பிதுக்கினாள்.

"வேண்டாம்டி. இது சிங்கிள் ஓனர் இல்லை!"